களவெடுத்தவனுக்குக் கொடுத்த வேலை

இணுவில் மகாதேவி கோபக்காரி. புருஷன் இறந்த பிறகு புகையிலைத் தோட்டத்தைத் தனியே நின்று செய்தவள். அந்தத் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் மெசினைத்தான் பஞ்சலிங்கம் களவெடுத்தான். கோட்டில் சாட்சி சொல்லி அவனை மறியல் சிறைக்கு அனுப்பியதும் அவள்தான்.

எண்பத்து நான்கில் அவன் மறியலிலிருந்து வந்தான். கூலி கேட்டுத் தோட்டம் தோட்டமாய் அலைந்தான். ஒருவரும் படலை திறக்கவில்லை. தேநீர்க் கடைக்கு அவன் வந்தால் எழும்பிப் போய்ச் சைக்கிளைப் பூட்டினார்கள். ஒருநாள் மகாதேவியே அவனை ஒழுங்கைப் பாதையில் மறித்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வா."

"அக்கா, பகிடி விடாதேங்கோ."

"பகிடியோ? நீ பட்டினி கிடந்தால் திரும்பவும் என்ரை மெசினைத்தானே தூக்குவாய்? இரக்கத்திலை கூப்பிடேல்லை. வந்து ஒழுங்கா வேலை செய்."

செய்தான். மெசின் கொட்டில் பூட்டின் திறப்பை அவள் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். மாரி முடிந்து காய்ச்சலில் படுத்தபோது அதை அவனிடம் எறிந்தாள்.

அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்பலத்தின் சைக்கிள் காணாமல் போனது. பொலிஸ் தெருவுக்கு வராத காலம். களவு விசாரணையெல்லாம் துவக்கு வைத்திருந்த இயக்கப் பெடியளிடம் போயிற்று. பிடிபட்டவர்களை, கள்ளன் என்று மட்டையில் எழுதி மாட்டி, விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். சனம் நின்று பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனது. பொன்னம்பலம் அந்தப் பெடியளிடம் பஞ்சலிங்கத்தின் பெயரைச் சொன்னார். வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

மகாதேவி நேரே பொன்னம்பலம் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணை, சைக்கிள் போன நேரம் அவன் என்னோடை சந்தையிலை நிண்டவன். நீங்களும் கண்டனீங்கள். பிறகேன் அவன்ரை பேரைச் சொன்னனீங்கள்?"

"வேறை ஆரின்ரை பேரைச் சொல்லுறது, பிள்ளை? ஊரிலை மறியலுக்குப் போனவன் உவன் ஒருத்தன்தானே."

அவர் தோளில் கிடந்த சால்வையைப் பிடித்து, ஒழுங்கைச் சனமெல்லாம் பார்க்க, பெடியளின் முகாமுக்கு இழுத்துப் போனாள்.

"ஏனக்கா கள்ளனுக்காகக் கதைக்கிறியள்?" என்றான் வாசலில் நின்றவன்.

"அவன் களவெடுத்தது என்ரை மெசினை, தம்பி. அதுக்கு மறியலிலை இருந்து முடிச்சிட்டான். இன்னும் எத்தினை தரம் முடிக்கோணும்? இவரைக் கேளுங்கோ!"

பொன்னம்பலம் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம், சந்தையிலை கண்டனான்" என்றார்.

விட்டார்கள். அதற்குள் அடித்து அவனுடைய இடது கையை முறித்திருந்தார்கள். சைக்கிளைக் கொண்டுபோய் விற்றது பொன்னம்பலத்தின் மருமகன் என்று பிறகு தெரிந்தது. மருமகனை எவரும் பிடித்துப் போகவில்லை. அது வீட்டு விஷயமாகிவிட்டது. பொன்னம்பலம் பஞ்சலிங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கை கோணலாகவே பொருந்தியது.

"ஊரை விட்டுப் போறன் அக்கா."

"எங்கை போவாய்? போற ஊரிலையும் கேப்பினம், எங்கையிருந்து வாறாய் எண்டு. ஒரு கையாலை வாய்க்காலிலை தண்ணி மாறலாம். நில்."

நின்றான். பிறகு மறியலிலிருந்து வந்த இன்னும் இரண்டு பேரை அவள் வேலைக்குச் சேர்த்தாள். ஊர் அதைக் கள்ளர் தோட்டம் என்றது. ஒருவன் மண்வெட்டிகளோடு ஓடிப்போனான்; அவனை வாய் ஓயாமல் திட்டினாள். மற்றவன் நிலைத்தான். பஞ்சலிங்கம் கலியாணம் செய்து, தோட்டத்துக்கு அருகிலேயே குடியிருந்தான்.

தொண்ணூற்றிரண்டில் பொன்னம்பலம் இறந்தார். செத்த வீட்டுக்கு ஊரே போனது, பஞ்சலிங்கமும் போய்வந்தான். மகாதேவி போகவில்லை. பறைச் சத்தம் கேட்கக் கேட்க, தோட்டத்தில் நின்று புகையிலைக் கன்றுகளின் பக்கக் குருத்துகளை ஒவ்வொன்றாக முறித்து எறிந்தாள்.