பன்னிரண்டாம் நாள் வரும் தாள்

சாப்பிட்டு முடித்த பிறகு தெரியவரும் உண்மையால் யாருக்கு என்ன பயன்? கேரளத்தின் பாறசாலை எல்லைச் சாவடியில் பதினாறு ஆண்டுகள் வேளாண் பரிசோதகராக இருந்த ஜெயதாஸின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பதில் தேடியதாகத் தெரியவில்லை.

வேலை இதுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறி லாரியை நிறுத்தவேண்டும். ஏதாவது ஒரு மூட்டையிலிருந்து இரண்டு கிலோ எடுத்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, பூச்சிமருந்து ஆய்வுக்குத் திருவனந்தபுரம் அனுப்பவேண்டும். லாரியை விட்டுவிடவேண்டும். முடிவு வரப் பன்னிரண்டு நாளாகும். மோசமாக இருந்தால் வியாபாரிக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். அதற்குள் அந்தக் காய் பல வீடுகளில் சமைத்து உண்ணப்பட்டு, மறந்தும் போயிருக்கும்.

"சாறே, போன மாசத்துக் கத்திரிக்கா பாஸா, பெயிலா?" என்று கேட்பான் லாரி ஓட்டும் ஜிஜோ.

"பெயிலு."

"தின்னவனெல்லாம் பாஸாயி நடக்கானே, சாறே!"

ஜெயதாஸ் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். சிறந்த அதிகாரி என்றால் மிகை. ஒழுங்கானவர். யாரிடமும் கைநீட்டியதில்லை, ஒரு முத்திரையையும் கோணலாக வைத்ததில்லை.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை ஜிஜோவின் லாரியில் பயத்தங்காய் வந்தது. அதை அனுப்பிய மொத்த வியாபாரியின் பயத்தங்காய் முன்பு நான்கு முறை ஆய்வில் தோற்றிருந்தது.

"எங்க போவுது?"

"குளத்தூருக்கு, ஒங்க சபைக்காக்கும். நாளைக்கு அசனமுல்லா?"

அசனம் ஆண்டுக்கொருமுறை தேவாலயத்துச் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து. அறுநூறு இலை விழும். ஜெயதாஸ் இரண்டு கிலோ எடுத்து முத்திரை வைத்தார். பிறகு, பதினாறு ஆண்டுகளில் முதல்முறையாக, மேலதிகாரியை அழைத்து லாரியை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டார். ஆய்வு முடிவு இல்லாமல் நிறுத்த விதியில்லை என்று பதில் வந்தது. லாரி போயிற்று.

ஒரே ஒரு முறையாவது காய் இலையில் விழுமுன் தடுத்துவிடவேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கவேண்டும். மத்தியானம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை ஆய்வுக்கு அனுப்பவேண்டிய அந்தப் பயத்தங்காய் உறையையும் பையில் எடுத்துக்கொண்டு, சபையின் சமையல் கொட்டகைக்குப் போனார். செயலாளர் தேவகுமார் வாசலில் நின்றார்.

"தேவகுமாரே, பயத்தங்கா வேண்டாம். தேங்கா சேத்த துவரனுக்கு முட்டைக்கோசு போதும்."

"அதென்ன அண்ணா இப்பம்?"

"அந்த ஆளுக்க காயி நாலு தடவ பெயிலாக்கும்."

"அது அந்தக் காயி. இந்தக் காயிக்கு பேப்பரு உண்டா?"

"பன்னிரண்டு நாளாவும்."

"அப்பம் அசனத்தப் பன்னிரண்டு நாளு தள்ளி வைப்போமா?"

காய் அரிந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரான அவர் மனைவி ரத்னபாயும் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"புளித்தண்ணியில கழுவித்தான் அரியுதோம். போங்கோ, வீட்டுக்குப் போங்கோ."

"கழுவினா கொஞ்சம் போவும்," என்றார் ஜெயதாஸ். "மிச்சம் உள்ளதான் இருக்கும்."

யாரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.  ஜெயதாஸ் பையிலிருந்த உறையை எடுத்து முத்திரையை உடைத்தார். இரண்டு கிலோ பயத்தங்காயையும் ரத்னபாய்க்கு முன்னாலிருந்த குவியலில் கொட்டினார். ஒரு கத்தி கேட்டு வாங்கி, பாயில் உட்கார்ந்து, அவர்களோடு அரியத் தொடங்கினார்.

ஏன் என்று அன்று வீட்டில் ரத்னபாய் கேட்டார். உறை வந்துசேராததால் மறுவாரம் மேலதிகாரி எழுத்தில் கேட்டார். பன்னிரண்டாம் நாள் அந்தக் காய்க்கு மட்டும் ஆய்வுத் தாள் வரவில்லை.