காவ்யா என்றொரு சோதனை மாணவி

ஹெலினா எழுதிய வார்த்தைகளை ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் குரலில் யாரும் கேட்டதில்லை. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து அவள் எழுதுவாள். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் கோட்டு போட்ட பேராசிரியர் அதைப் பார்த்துப் பேசுவார். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கணினி அறிவியல் படிப்புக்குப் பாடம் வடிவமைப்பது அவள் வேலை. நீண்ட பாடத்தைச் சின்னச் சின்ன வீடியோக்களாகப் பிரிப்பாள், ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்வி வைப்பாள், தப்பாகப் பதில் சொல்கிறவர் மனம் நோகாமல் எங்கே தப்பு என்று விளக்கி எழுதுவாள். முகப்பில் பேராசிரியரின் பெயர் மட்டும் இருக்கும்.

கணவர் செபாஸ்டியன் மாரடைப்பில் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று கேட்டால் அது குக்கர் விசில்தான்.

புதுப் பாடம் தயாரானதும் அதை ஒரு மாணவரின் கண்ணால் பார்க்க வேண்டும். வீடியோ ஓடுகிறதா, மதிப்பெண் சரியாக விழுகிறதா என்று சோதிக்க ஒரு பொய் மாணவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் 'டெஸ்ட் ஒன்று' என்று பெயர் வைப்பார்கள். ஹெலினா 'காவ்யா' என்று வைத்தாள். ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போன மகளுக்காக அவளும் செபாஸ்டியனும் ஆசைப்பட்டு வைத்திருந்த பெயர் அது.

பாடம் தொடங்கும் முன் அந்தக் கணக்கை நீக்கிவிட வேண்டும். ஹெலினா நீக்கவில்லை. மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காவ்யாவின் பெயரில், கலந்துரையாடல் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க, பாடத்தில் ஓர் இடம் புரியவில்லை என்று அவள் ஒரு கேள்வி போட்டிருந்தாள். பாடம் தொடங்கிய வாரத்தில் அதற்கு ஒரே ஒரு பதில் வந்தது.

"எனக்கும் பிரியல காவ்யா. இந்தப் பக்கத்துல நம்ம ரெண்டு பேரு தான் கீறோமா?"

எழுதியவள் ரேணுகா. முத்தாபுதுப்பேட்டையில் வீடு, ஆவடியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை இப்போதுதான் மறுபடி தொட்டிருந்தாள்.

பாடம் அமைத்தவள் நான் என்று ஹெலினா அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் விரல்கள் வேறு எழுதின. "நானும் ஆவடி பக்கம்தான் அக்கா."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையெல்லாம் அவர்களுடையதானது. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பதை ரேணுகா எழுதினாள். உறவுக்காரர்கள் முன்னால் கணவன் 'காலேஜ் பாப்பா' என்று கூப்பிட்டுச் சிரித்ததையும், ஒருநாள் அவன் கை நீட்டியதையும், பெற்ற தாயிடம்கூட அதைச் சொல்லவில்லை என்பதையும் எழுதினாள். காவ்யா ஆறுதல் சொன்னாள், பாடம் சொல்லிக் கொடுத்தாள், சில சமயம் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். பிறக்காத மகள் வளர்ந்து ஒருத்தியின் கண்ணீரைத் துடைக்கிறாள் என்று ஹெலினாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பில்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

பருவத் தேர்வு வந்தது. அதை மட்டும் நேரில், பூந்தமல்லியில் ஒரு கல்லூரியில் எழுத வேண்டும். ரேணுகா எழுதினாள்: "பயமா கீதுடி. நாளைக்கு காலேஜ் கேட்டாண்ட நிக்கறேன். நீ வந்தா தான் உள்ள போவேன்."

அதே நாளில் அலுவலகத்திலிருந்து விஷ்ணு போன் செய்தான். மாணவர் பட்டியலில் ஒரு சோதனைக் கணக்கு கிடப்பதாகவும் உடனே நீக்கும்படியும் சொன்னான். தேர்வு முடியும்வரை விட்டுவைக்கக் கேட்டாள் ஹெலினா.

"அது பொய் ஸ்டூடண்ட் தானே மேடம்? இருந்தா இன்னா, போனா இன்னா?" என்றான் அவன்.

காவ்யாவுக்குக் காய்ச்சல் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தாள். எழுதினால் ரேணுகா வாசலோடு திரும்பிவிடுவாள். ஆகவே மறுநாள் ஹெலினாவே பூந்தமல்லிக்குப் போனாள்.

கல்லூரி வாசலில் ஒரு பெண் வருகிற இளம்பெண்கள் முகத்தையெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். ஹெலினா அருகில் போய், ரேணுகாவா என்று கேட்டாள். காவ்யாவால் வர முடியவில்லை என்றாள்.

ரேணுகாவின் முகம் வாடியது. பிறகு அவள் ஹெலினாவை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க காவ்யாவோட அம்மாவா?"

உலகத்தில் யாரும் ஹெலினாவிடம் கேட்டிராத கேள்வி.

"ஆமாம்மா. அவ அம்மாதான். நீ உள்ள போ, நான் இங்கேயே இருக்கேன்."

ரேணுகா குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தேர்வு முடியும்வரை ஹெலினா வாகை மரத்தடியில் நின்றாள். பக்கத்தில் காத்திருந்த ஒரு தாய் யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, மகளுடைய சிநேகிதி என்று தயங்காமல் சொன்னாள். அவ்வளவு நிறைவாக அவள் எங்குமே நின்றதில்லை.

ரேணுகா சிரித்தபடி வெளியே வந்தாள். எல்லாம் எழுதிவிட்டாளாம்.

"காவ்யாக்கு ஒரு போன் போடுங்க ஆன்ட்டி. அவ குரலக்கூட நான் கேட்டதில்ல."

இதற்கு மேல் பொய் நீளவில்லை. பஸ் நிறுத்தம்வரை நடந்தபடி ஹெலினா எல்லாவற்றையும் சொன்னாள். சோதனைக் கணக்கை, அந்தப் பெயரை, அந்தப் பெயருக்குரிய குழந்தை இல்லாததை.

ரேணுகா அழவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்க ஊட்டுக்காரர் அடிச்சத அவகிட்ட தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்மா."

"இப்ப நான் அத யாருகிட்ட சொன்னேன்னு நெனச்சிக்கிறது?"

ஆவடி பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்த ரேணுகா திரும்பினாள்.

"உங்க பேரு இன்னா?"

"ஹெலினா."

ரேணுகா தலையசைத்தாள். அது மன்னிப்பா, கணக்கைத் தீர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. ஏறி, ஹெலினா நிற்காத மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஹெலினாவும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். பக்கத்து இருக்கைகூடக் காலியாக இருந்தது. நடத்துநர் ஏறும்படி கையைக் காட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்து, நிழல் இல்லாத அந்த நிறுத்தத்தில் நின்றுகொண்டாள்.