மூன்று விநாடிக் கொம்பு

இந்த உலகத்தில் இதுவரை ஊதப்பட்ட கொம்பு, சங்கு, எக்காளம், கப்பல் ஊதல் எல்லாவற்றையும் ஒரு தராசுத் தட்டில் குவித்து, மறுதட்டில் இடிக் கொம்பை வைத்தால், முதல் தட்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் நிலாவில் முட்டும். இடிக் கொம்பை ஒருமுறை ஊதினால் மலை எழுந்து நின்று, “கூப்பிட்டீங்களா?” என்று கேட்கும். செத்துப்போன படைவீரர்கள் மண்ணை உதறிவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள். கடல் கைகட்டி ஓரமாக ஒதுங்கும். இவ்வளவும் நடப்பது மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய டேப்லெட்டுக்குள் என்பதும், சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கினால் மலை, கடல், படைவீரர் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும் என்பதும் சில்லறைச் சமாசாரங்கள்.

அந்தக் கொம்பு தேவைப்பட்டது ஐம்பத்து மூன்று வயது ஏலக்காரர் ஒருவருக்கு. அவராக அதைக் கேட்கவில்லை. அவர் வாய்விட்டு எதையும் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

காய்கறி மண்டியில் அவருக்குப் பெயர் இடி. கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று இருபத்திரண்டு வருடம் ஏலம் விட்டவர். மைக் கிடையாது. லாரி உறுமல், தள்ளுவண்டிச் சண்டை, மூட்டை தூக்குபவர்களின் “வழி, வழி” எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் தனியாகப் போகும். “ஒருதரம்!” என்றால் வாசலில் டீ குடிப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். “மூணுதரம்!” என்றுவிட்டால் அதற்குமேல் யார் வந்து நின்றாலும் அந்த மூட்டை கைமாறாது.

தொழிலில் அவருக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. சரக்கு கொண்டுவந்தவர்களில் சிலர் தங்கள் ஆளையே கூட்டத்தில் நிறுத்தி, வாங்குபவன் மாதிரி கைதூக்க வைத்து, விலையை ஏற்றப் பார்ப்பார்கள். இடி பெட்டி மேலிருந்தே அவனைப் பிடித்துவிடுவார். “வாங்க வந்தவன் முதல்ல மூட்டைக்குள்ள கைய விடுவான். ரெண்டை எடுத்து மோந்து பாப்பான். சரக்கையே பாக்காம கையைத் தூக்குறான்னா அவன் வீட்டு ஆளு” என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கேட்டுக் கேட்டு மகளுக்குக் காது புளித்துவிட்டது.

மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. பதினேழு வயது. கணக்குப் பரீட்சை அவளை ஒருதரம், ரெண்டுதரம் தோற்கடித்தது. மூன்றாந்தரத்துக்கு அவள் போகவில்லை. ஆனால் குறும்பு என்று ஒரு பாடம் இருந்திருந்தால் நூற்றுக்கு நூற்றிருபது வாங்கியிருப்பாள். அப்பா ஏலம் விடுவதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, தோழிகளின் போன்களில் அலாரமாக வைத்தாள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஐந்து வீடுகளில் ஒரே நேரத்தில் இடி விழுந்தது. ஒருத்தியின் அண்ணன் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்து, பாதித் தூக்கத்தில் கைதூக்கினானாம்.

விஷயம் மண்டி வரைக்கும் போய்விட்டது.

“எனக்குச் சோறு போடுற தொழிலு உனக்கு விளையாட்டாப் போச்சா? அழி அதை. இப்பவே. என் கண்ணு முன்னாடி அழி.”

கண் முன்னாடி அழித்தாள். அதற்கு இன்னொரு பிரதி இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான். பேச்சு போனது எல்லோருக்கும் தெரிந்தது. ஊதுவதும் போனதை வீட்டில் இருந்தவர்கள்தான் பார்த்தார்கள். சூடான டீயை ஊதி ஆற்ற முடியாமல், அது தானாக ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை பேசிப் பார்த்தார். தகரத்துக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி வந்தது குரல். கருவி அலமாரி இழுப்பறைக்குள் போனது. அதன்பின் எல்லாமே ஒரு சிலேட்டும் சாக்பீஸும்தான். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். அம்மா ஒரு மணி வாங்கி வந்து, கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். “நான் என்ன ஆட்டுக்குட்டியா” என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு, மணியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டார்.

ஒரு மத்தியானம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அம்மா தையல் கடை வேலைக்குப் போயிருந்தாள். எழுந்திருக்க முடியாமல், கைக்கு எட்டிய பக்கெட்டைக் குவளையால் தட்டினார். அரை மணி நேரம் தட்டினார். கடைசியில் அம்மா வந்துதான் கதவை உடைத்துத் தூக்கினாள்.

“நீ எங்கடி தொலைஞ்சே?”

“ஷாம்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேம்மா.”

வாலு எங்கேயும் போகவில்லை. குளியலறைச் சுவரை ஒட்டிய தன் அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் லேசாக வந்தது. மாடி வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து, விளையாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அப்படிக் கூட்டிய கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

இடுப்பு வலி குறைந்து நடமாடத் தொடங்கிய வாரம், அப்பா அவள் அறை வாசலில் வந்து நின்றார். சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். “நீ விளையாடுறதை எனக்கும் போட்டுக் குடு.”

கபடி வர்ணனை தவிர வேறு விளையாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். பழைய டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தாள். கோட்டையைக் காக்கும் விளையாட்டு. யாராக இருக்க வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். வாள்வீரனைத் தள்ளினார். வில்லாளியைத் தள்ளினார். மந்திரக்காரியை, அவள் உடுப்பைப் பார்த்துவிட்டு, வேகமாகத் தள்ளினார். யாருமே சீண்டாத கொம்பூதியிடம் வந்து நின்றார். கொம்பூதி சண்டை போடமாட்டான். அவன் ஊதினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பலம் கூடும், அவ்வளவுதான். முதலில் கிடைக்கும் செம்புக் கொம்பின் சத்தம் பத்தடிகூடத் தாண்டாது. பெயர் கேட்டது விளையாட்டு. “வெங்காய மூட்டை” என்று போட்டார்.

அன்று சாயங்காலம் வாலு கொல்லன் பட்டறைப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இடிக் கொம்பைப் பார்த்தாள். நாற்பது ஆமை ஓடுகள் சேர்த்துக் கொடுத்தால் கொல்லன் செம்புக் கொம்பை உருக்கி இடிக் கொம்பாக ஆக்கித் தருவான். புதுச் சக்திகள் வரிசையாக எழுதியிருந்தன. மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது: ஊதினால், நண்பர்கள் விளையாட்டை மூடி வைத்திருந்தாலும், அவர்கள் போனில் சத்தமாக ஒலிக்கும்.

அதற்குக் கீழேயும் ஒரு வரி இருந்தது. பரீட்சைக் கேள்வித்தாளையே முழுதாகப் படிக்காதவள் அதையா படிக்கப்போகிறாள்?

அப்பா கூப்பிட்டால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நேராகப் போய் ஓடுகளை நீட்டினால் மணிக்கு ஆன கதிதான் ஆகும். அதனால் தன் போனில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினாள். பெயர் தகர டப்பா. அந்தப் பெயரில் வெங்காய மூட்டைக்கு நண்பனாகச் சேர்ந்து, கிடைக்கும் ஓடுகளை அவருக்கே கொடுத்தாள். கடற்கரையில் ஆமை எப்போதாவதுதான் தலைகாட்டும். அடித்தால் ஒரு ஓடு. ஆறு வாரம், தினமும் மத்தியானம், அப்பா கூடத்திலும் தகர டப்பா பக்கத்து அறையிலும் உட்கார்ந்து விளையாடினார்கள்.

“தம்பி, சும்மா சும்மா ஓடு குடுக்கிறியே. பதிலுக்கு என்ன வேணும்?” என்று வெங்காய மூட்டை எழுதும்.

“ஒண்ணும் வேணாம் அண்ணே. வெச்சுக்கோங்க.”

“என்கிட்ட என்ன இருக்குன்னுகூடப் பாக்கலையே நீ.”

“பாத்து என்ன பண்ணப்போறேன் அண்ணே.”

“உங்க அப்பா என்ன பண்றாரு தம்பி?”

“மீன் பிடிக்கிறாரு அண்ணே.”

“அவரு பேச்சைக் கேப்பியா?”

வாலு “கேப்பேன்” என்று தட்டிவிட்டு அழித்தாள். “எப்பவாச்சும் அண்ணே.”

நாற்பதாவது ஓடு சேர்ந்த அன்று, எதேச்சையாக வந்தவள்போல் கூடத்துக்குப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கொல்லன் சுத்தியலை ஓங்கினான். பொறி பறந்தது. செம்புக் கொம்பு உருகி வழிந்து, கறுப்பும் பொன்னுமாக இடிக் கொம்பு எழுந்தது. அப்பாவின் தோள்கள் லேசாக நிமிர்ந்தன.

அப்போதுதான், படிக்காமல் விட்ட வரி திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து நின்றது.

“கொம்புக்கு உங்கள் குரலைக் கொடுங்கள். மூன்று விநாடிகள். பேசுங்கள்.”

கீழே ஒரு சிவப்பு வட்டம் விட்டு விட்டு மின்னியது. பேசுங்கள். பேசுங்கள்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டேப்லெட்டை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து நடந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். வெள்ளைத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது.

ஆறு வாரம் ஆமை அடித்து அப்பாவுக்கு இதையா வாங்கித் தந்தோம் என்றிருந்தது வாலுவுக்கு. யோசித்துச் செய்யும் பழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. டேப்லெட்டை நிமிர்த்தினாள். தன் போனில் அந்த இன்னொரு பிரதியைத் தேடி எடுத்தாள். சத்தத்தைக் குறைத்து, போனை டேப்லெட்டின் வாயருகே வைத்து, சிவப்பு வட்டத்தை அழுத்தினாள். மூன்று விநாடி முடிந்ததும் போனைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தொங்கிய மணியை ரொம்ப அக்கறையாகத் துடைக்கத் தொடங்கினாள்.

அப்பா திரும்பி வந்தார். “கொம்பு தயார். ஊதலாம்” என்றிருந்தது திரை. அவளைப் பார்த்தார். மணியில் இல்லாத அழுக்கை அவள் சுரண்டினாள். அவர் ஊதும் பொத்தானைத் தொட்டார்.

“ஒருதரம்! ரெண்டுதரம்!”

டேப்லெட்டிலிருந்து ஒன்று. அதே நொடியில் வாலுவின் பாவாடைப் பையிலிருந்து ஒன்று. வீடே அதிர்ந்தது. மூணுதரம் வரவில்லை, மூன்று விநாடிக்குள் அது அடங்கவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா, “இதோ வந்துட்டேங்க!” என்று ஈரக்கையோடு ஓடி வந்தாள். வாசல்படிக்கு வந்த பிறகுதான் தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பாவின் கை கழுத்துத் துணிக்குப் போயிருந்தது, சத்தம் அங்கிருந்துதான் வந்ததோ என்று தொட்டுப் பார்ப்பதுபோல. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை மகளிடம் நீட்டினார். அவள் போனை எடுத்துக் கொடுத்தாள். திரையில், “தகர டப்பா! வெங்காய மூட்டை உங்களை அழைக்கிறார்!” என்று துள்ளிக்கொண்டிருந்தது.

“அது வந்துப்பா… என் ஃபிரெண்டோட கணக்கு…”

சாக்பீஸ் கிறீச்சிட்டது. “சரக்கையே பாக்காம குடுத்தான். வீட்டு ஆளு. முதல் நாளே தெரியும்.”

சட்டைக் கையால் அழித்தார். “அழிச்சுட்டேன்னு சொன்னே.”

“ஒண்ணை அழிச்சேன்ல…”

அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லாததால் அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் எழுதினார். “அன்னிக்கு நீ ஷாம்பு வாங்கப் போகலை.”

“அப்பா… சத்தியமா ஆணி அடிக்கிறாங்கன்னுதான்பா நெனச்சேன்.”

“சுவருக்கு அந்தப் பக்கம் நீ சிரிச்சிட்டிருந்தே. அரை மணி நேரமும் கேட்டுச்சு.”

அவளால் சிலேட்டைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தாள். அவர் அழிக்கும் சத்தமும், எழுதும் சத்தமும், எழுதியதில் ஏதோ பிடிக்காமல் மறுபடி அழிக்கும் சத்தமும் கேட்டன. பிறகு சிலேட்டின் மரச்சட்டம் அவள் முகவாயை மெதுவாக முட்டி நிமிர்த்தியது.

“அப்படி என்னதான் சிரிப்புன்னு பாக்கத்தான் இந்த விளையாட்டைக் கேட்டேன்.”