சட்டைப்பையில் ஒரு மாத்திரை

செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி அவள். வார்டில் அவளுக்குப் பெயர் 'தந்தி'. முதல் ஊசி போட்ட அன்று கை நடுங்கியது. "பாருங்க, கை தந்தியடிக்குது!" என்றார் வார்டின் தலைமை சிஸ்டர். நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று.

பயிற்சியில் தேற அந்த சிஸ்டரின் கையெழுத்து வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் விழுங்கினாள். துணி தைத்துப் படிக்கவைக்கும் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை அவருக்குக் காலையும் மாலையும் உண்டு. கொடுக்கும் முன் நாடி எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னாள். சிஸ்டர் எண்ணியபோது அறுபதைத் தாண்டியிருந்தது.

"எண்ணக்கூடத் தெரியாம வந்துட்டியா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒண்ணு ரெண்டு சொல்லு."

நூறு வரை சொல்லவைத்தார். கூடப் படிப்பவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை எண்ணியபோது ஐம்பது. திரும்ப எண்ணினாள். ஐம்பதேதான்.

"என்னம்மா, வண்டி ஓடுதா?" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் மெதுவா ஓடுது ஐயா."

சிஸ்டரின் மேசைவரை போனாள்.

"என்ன தந்தி, இன்னிக்கு என்ன சேதி?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாடி சரியென்றும் கொடுத்துவிட்டதாகவும் குறித்தாள். மாலையில் வந்த நர்ஸ் அந்தக் குறிப்பை நம்பி, நாடி பார்க்காமல் அடுத்த மாத்திரையைக் கொடுத்தார். கழிப்பறைக்கு எழுந்த டிரைவர் மயங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரணையில் மாத்திரையை அவளே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் சிஸ்டர்.

"சிரிப்பீங்க, சிஸ்டர்."

"நாங்களும் இதெல்லாம் பட்டுத்தான்மா வந்தோம்," என்றார் கல்லூரி முதல்வர்.

பட்டிருப்பார்கள். பட்டதனால் அது சரியாகிவிடுமா? கழுவாத கையால் காயம் கட்டியதும் ஒரு காலத்து வழக்கம்தான். எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவர் எண்ணிப் பார்த்த பிறகே அது நின்றது. பயத்தால் விழுகிறவர்களை எண்ண எந்த மருத்துவமனையிலும் ஆள் இல்லை.

பொய்க்குறிப்பு அவள் தவறு. தண்டனையும் கிடைத்தது: ஆறு மாதம் நீக்கம், பிறகு அதே வார்டில், அதே சிஸ்டரிடம் மறுபயிற்சி. சிஸ்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ஆறு மாசம்தானே கண்ணு? அப்புறம் போய்ப் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடு," என்றாள் அம்மா, தையல் மெஷினை மிதித்தபடி. திரும்பிப் பார்த்தாள். மகள் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்ற?"

"எண்ணறேன்மா."

"எவ்வளவு?"

மகள் கையை நீட்டினாள்.

"நீ எண்ணும்மா. நான் தப்பா சொல்லிடுவேன்."