கல்லை மாற்றிவைத்தது நான்தான், ஆரோக்கியம்

ஆரோக்கியம் போய்விட்டாள். இன்று வெள்ளனே நாயுடுபுரத்திலிருந்து அவள் மகள் போன் பண்ணினாள்.

அழுகை வரவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது... காரணம் இருக்கிறது.

அறுபதுகளில் கொடைக்கானலில் வெள்ளைக்காரத் துரைசாணியம்மா ஒருவரின் பங்களாவில் நானும் அவளும் வேலை பார்த்தோம். அந்த அம்மா கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்த்தார். மண்டபம் கடற்கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் வரும். ரயிலில் பாதி வழி, வத்தலக்குண்டு பஸ்ஸில் மீதி.

அதில் ஒரு கறுப்பு மீன். உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு, என் கட்டைவிரல் அளவுதான். ஆனால் சரியான ரவுடி. ஓட்டைக் கல் ஒன்றைத் தன் வீடாக்கிக்கொண்டு, பக்கத்தில் வந்ததையெல்லாம் கடித்து விரட்டும்.

ஏற்கெனவே இரண்டு மீன் செத்தாச்சு. மிச்சம் ஒரு ஆரஞ்சு மீன்... வால் கிழிந்து, தீனி தின்னாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

தீனி போடுவது நான். "இதுவும் செத்தா நீ ஊருக்குப் போ" என்று அம்மா சொல்லிவிட்டார். ஊர் என்றால் வெள்ளகவி. அங்கே அப்பா படுக்கையில். என்னை நம்பித்தான் உலை.

வாரம் ஒருமுறை கற்களை எடுத்துப் பாசி தேய்ப்போம். எடுத்த இடத்திலேயே வைக்கணும், அம்மா ஆர்டர். ஆரோக்கியம் கண்ணாடிக்கு வெளியே கரிக்கோடு போட்டு, இம்மி பிசகாமல் வைப்பாள்.

அன்றைக்கு நான் ஒரு கல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன்.

"ஏடி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"நீயே வந்து அடுக்குடி மகாராணி!"

அவள் அடுப்படிக்குப் போனதும், வந்த ஆத்திரத்தில் கரிக்கோட்டை அழித்தேன். கல்லையெல்லாம் கண்டபடி போட்டேன். ஓட்டைக் கல் தலைகீழ்.

மறுநாள் காலை குடத்தோடு உள்ளே வருகிறேன்... ஆரஞ்சு மீன் நடுத்தொட்டியில் தீனி தின்கிறது! கறுப்பன் தன் வீடு எதுவென்று தெரியாமல் முழித்துக்கொண்டு சுற்றுகிறான்.

அம்மா சிரித்தபடி தன் நீல ஸ்வெட்டரை ஆரோக்கியத்துக்குப் போட்டுவிடுகிறார். "கல்லு மாத்தினது ரொம்ப நல்லது, ஆரோக்கியம்!" நான் செய்ததற்கு வந்த ஸ்வெட்டரை அவள் இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

என் வேலை தப்பியது. ஆனால் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். கல்யாண வீட்டில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அறுபது வருஷம்.

போன மாதம் அவளே போனில் வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏடி... அன்னிக்கு அந்தம்மா வெள்ளனே வந்து, யாரு கல்ல மாத்துனதுன்னு கத்துச்சு. உன்னைய வெரட்டிரும்னு பயந்து நாந்தான்னு சொன்னேன். பெறகுதான் குனிஞ்சு மீனப் பாத்துச்சு..."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானடி?"

"நீ எங்க பேச விட்ட? மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போயிட்ட. எனக்கும் வீம்பு."

"சரி, ஸ்வெட்டர ஏன் வாங்குன?"

"குளுருச்சுடி!"

அவளுக்கு இருமல் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

ஸ்வெட்டர் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் ஆரோக்கியம், அந்த போன் மட்டும் வராதிருந்தால், இன்று உன் சாவுக்குக்கூட வந்திருக்க மாட்டேன்.

திண்டுக்கல்லில் கொடைக்கானல் பஸ் ஏறிவிட்டேன். நான் வந்து பார்க்கும்வரை பெட்டியை மூடவேண்டாமென்று உன் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.