தேசிங்கு சொல்ல வந்தது

தேசிங்கு போய்விட்டான். காலையில்தான் போன் வந்தது. நெஞ்சுவலியாம்... பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். சட்டையைப் போட்டேன், கழற்றினேன். மறுபடி போட்டேன்.

தெரியாதவர்களுக்கு... ரிஃபைனரியில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் யூனிட்டில் அவன் ஷிஃப்ட் இன்சார்ஜ், நான் இன்ஜினியர். பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து அங்கே போனவர்கள் நாங்கள் ரெண்டே பேர்.

உள்ளே போகும் எடையும் வெளியே வரும் எடையும் சமமாக இருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் என் கணக்கில் வெளியே வந்தது அதிகம். சூட்டில் எண்ணெய் விரியும், எடை கூடாது. நான் சூடான டீசலின் மீட்டர் அளவைத் திருத்தாமல் அப்படியே கூட்டியிருந்தேன்.

கண்ட்ரோல் ரூமே கேட்கிற மாதிரி தேசிங்கு கத்தினான். "இன்னா நைனா, உள்ள விட்டத விட வெளிய ஜாஸ்தி வருது! ஏரில எறா பெருகுற மாதிரி டவர்ல டீசல் குட்டி போடுதா?"

அன்றிலிருந்து என் பெயர் 'குட்டி டீசல்'. ஊர்க்காரனே வைத்த பெயர்.

பிறகு ஒருமுறை வெப்பக் கணக்கு இடித்தது. உலைக்கு வரும் எண்ணெயில் இருக்க வேண்டிய சூடு இல்லை, உலை கூடுதலாக எரிந்துகொண்டிருந்தது. உலைக்குப் போகும் முன்பே எண்ணெயைச் சூடேற்றும் எக்ஸ்சேஞ்சர் அடைத்திருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதினேன். அவன் கையெழுத்தும் வேண்டும்.

"மொதல்ல குட்டிங்கள எண்ணி முடி நைனா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் காகிதத்தைக் கிழித்தார்.

பிறகு யூனிட்டை நிறுத்திய ஷட்டவுனில் அதைத் திறந்தார்கள். குழாய் முழுக்கக் கறுப்புச் சேறு. தேசிங்கு குனிந்து பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டான். "டீ சாப்டப் போலாமா?"

அவ்வளவுதான். நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை... அந்த வருஷமே வேலையை விட்டேன். அவனோடு பேச்சையும்.

போன மாதம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"அந்த எக்ஸ்சேஞ்சர் விஷயம்... உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்பா."

"பஸ் வந்துடுச்சு" என்றேன்.

திரும்பி ரோட்டைப் பார்த்தான். பஸ் எதுவும் இல்லை. "சரி நைனா, பாத்துப் போ" என்றான்.

அவன் போன பிறகு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.

கிளம்பிவிட்டேன் தேசிங்கு. நாலு மணிக்குள் வந்துவிடுவேன்.