பின்னக் கணக்கு தெரியாத பையன்

சென்ற மாதம் எங்கள் கம்பெனியில் மனநலம் பற்றிப் பேச ஒரு அம்மாவை அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏ.சி. ஹாலில். திரையில் ஒவ்வொன்றாக வந்தது: தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், குளியுங்கள், கொஞ்சம் வெயிலில் நில்லுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் போய்ப் படுத்துவிடாதீர்கள், வெளியே போய் நாலு பேரோடு பேசுங்கள். பக்கத்தில் இருந்தவன் தூங்கிவிட்டான். நான் கடைசிவரை கவனமாகக் கேட்டேன். புதிதாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. இவ்வளவையும் அஞ்சாவது படிக்கும்போதே கேட்டாயிற்று. அதில் ஒன்று என் பொறுப்பிலும் இருந்தது.

அப்போது நாங்கள் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருந்தோம். வீட்டின் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று உண்டு. அது சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி, டவுனில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மில்லை மூடினார்கள். அவருக்குப் பேசி முடித்திருந்த பெண்வீட்டார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கூப்பிட்டால் ‘உம்’ என்பார். வைத்த சோறு வைத்தபடி இருக்கும்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தாயத்து கட்டினோம், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம். எதிர்வீட்டுக்காரர், புதுச்சேரியில் பிறந்தும் குடிக்காமல் இருப்பதால் வந்த வியாதி இது, ஒரு குவாட்டர் வாங்கிக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்றார். அப்பா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கடைசியில் மாமாதான், அம்மாவின் அண்ணன், தன் ஆட்டோவில் சித்தப்பாவை ஏற்றிக் கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்றாராம். அதைத்தான் எங்கள் கம்பெனித் திரையிலும் பார்த்தேன். கூடவே, அதட்டக் கூடாது, உட்கார வைத்துப் புத்தியும் சொல்லக் கூடாது. அம்மா ஏமாற்றத்தோடு திரும்பி வந்தாள்.

“எழுப்பு, குளிக்க வை, சாப்புட வைன்னு சொல்றதுக்கா அம்மாம் பெரிய ஆஸ்பத்திரி? இத்தத்தான இந்தப் பயலுக்கு நான் தெனமும் செய்யறேன்” என்று என்னைக் காட்டிச் சொன்னாள்.

ஆனால் என்னை எழுப்ப முதுகில் ஒன்று வைத்தால் போதும். மீசை வைத்த ஆளை எப்படி எழுப்புவது? ஒரு வாரம் போராடிப் பார்த்த பிறகு அம்மாவுக்கு ஒரு வழி தோன்றியது. சித்தப்பா தனக்காக எதுவும் செய்துகொள்ள மாட்டார். ஆனால் அடுத்தவர் உதவி என்று கேட்டால் மறுக்கத் தெரியாது. மில்லிலும் ஊரான் ஷிப்டையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஆள். ஆகவே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பொய் பங்கு பிரிக்கப்பட்டது.

காலை ஆறரைக்கு அம்மா அவர் கதவைத் தட்டி, மோட்டார் பழுது, ஏழு மணிக்கு மேல் தண்ணீர் ஏறாது, முதலில் நீங்கள் குளித்துவிட்டால்தான் நான் துணி துவைக்க முடியும் என்பாள். அப்பாவுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் எட்டு மணி ஷிப்டு. ஏழே காலுக்கு டி.வி.எஸ். வண்டியின் பெட்ரோல் குழாயை ரகசியமாக மூடிவிட்டுப் பெடலை மிதிமிதி என்று மிதிப்பார். வண்டி கிளம்பாது. சித்தப்பா வெயிலில் வந்து தள்ளிவிட வேண்டும். பாதித் தெருவில் அப்பா குனிந்து குழாயைத் திறந்துவிடுவார். சாயங்காலம் மாமாவின் பங்கு. ராத்திரி என் பங்கு: சாப்பிட்டதும் அவர் போய்ப் படுத்துவிடாமல், எனக்குக் கணக்கு வரவில்லை என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதில்தான் எனக்குப் பெரிய அவமானம். எங்கள் வீட்டில் அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மா அதுவும் இல்லை. நான் வகுப்பில் முதல் ரேங்க், அதிலும் கணக்கில் நூற்றுக்கு நூறு. தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

“தெரிஞ்சதத் தெரிலன்னு சொன்னா மூள கொறஞ்சா பூடும்? போடா” என்றாள் அம்மா.

போனேன். முக்காலும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? பன்னிரண்டில் பதினொன்று என்று பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டு வந்த கணக்கு. சித்தப்பா எட்டாவதோடு நின்றவர். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ராத்திரி சமையல்கட்டிலிருந்து தீப்பெட்டி எடுத்து வந்து, பன்னிரண்டு குச்சிகளைத் தரையில் அடுக்கினார். இதில் முக்கால் ஒன்பது குச்சி, ஆறில் ஒன்று ரெண்டு குச்சி, சேர்த்து எண்ணு என்றார். மிச்சம் ஒரு குச்சி தனியாகக் கிடந்தது. நான் புருவத்தை உயர்த்தி “ஓ” என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அம்மாவின் ஏற்பாடு.

அந்தத் தீப்பெட்டி பிறகு சித்தப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்தது. பீடி சிகரெட் பழக்கம் இல்லாதவர் தீப்பெட்டியோடு திரிவதைப் பார்த்து அம்மாவுக்கே முதலில் சந்தேகம் வந்தது. கொஞ்ச நாளில், நான் விளையாட்டில் மறந்துவிட்டால், இன்றைக்குக் கணக்கு இல்லையா என்று அவரே கேட்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மாமாவின் பங்கு பெத்தாங் ஆட்டம். ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு செம்மண் திடல். சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூர வீசி, அதற்குப் பக்கத்தில் யார் இரும்புக்குண்டைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கிற விளையாட்டு. வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். பக்கத்துக்கு மூன்று பேர், ஆக ஆறு பேர் ஆட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா வாசலில் ஆட்டோவை நிறுத்தி, “மாப்ள, ஒரு ஆளு கொறையுது, சீக்கிரம் வா” என்பார். நானும் கூடவே போவேன். திடலில் மாமாவைச் சேர்க்காமலே ஐந்து பேர் இருப்பார்கள். மாமாவோடு ஆறு. சித்தப்பா தலை தெரிந்ததும் அந்த ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். இடுப்பு வலி தினம் ஓர் ஆளுக்கு முறைபோட்டு வந்தது.

முதலில் சித்தப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் குண்டைப் போடுவார். அப்புறம் குனிந்து தூரத்தை அளக்க ஆரம்பித்தார். பேச்சு மட்டும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், சிப்பாய்க்குப் பிரெஞ்சில் என்ன சொல்லோ அதை வைத்து எல்லோருக்கும் சொல்தா தாத்தா. குனிய முடியாததால் கயிற்றில் காந்தம் கட்டி, குண்டைத் தூண்டில் போடுவதுபோல எடுப்பார். ஒரு சாயங்காலம் தோற்றுக்கொண்டிருந்த எரிச்சலில் என் பக்கம் திரும்பி, பையன் படிக்கிறானா இல்லை உங்களை மாதிரிதானா என்று பொதுவாகக் கேட்டார்.

தன்னைக் கேட்காமலே சித்தப்பா பதில் சொன்னார். “நல்லாப் படிப்பான். பின்னக் கணக்குதான் கொஞ்சம் வராது. நாந்தான் சொல்லிக் குடுக்கறேன்.”

மில் மூடிய பிறகு வெளியாட்கள் முன்னால் அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல வந்த முதல் பேச்சு அதுதான் என்று மாமா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். மாமா குண்டைப் போடாமல் அப்படியே நின்றாராம். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. எனக்குச் சொல்தா தாத்தாவின் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

“பர்ஸ்ட் ரேங்க்குன்னு உன் மாமன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான், பின்னம் தெரியாதா உனக்கு? பிரான்சுல மாடு மேய்க்கக்கூட எடுக்கமாட்டான்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

“எனக்கு எல்லாம் தெரியும். அம்மாதான் தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னாங்க. இங்கயும் ஆளு ஒண்ணும் கொறையல. ஆறு பேரு இருக்கீங்க. சித்தப்பா வந்தாதான் ஒருத்தருக்கு இடுப்பு வலிக்குது” என்றேன்.

அன்றைய இடுப்பு வலிக்காரர் வேப்பமரத்தடியில் இருந்து எழுந்துவிட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சித்தப்பா கையில் இருந்த குண்டை மெதுவாகக் கீழே வைத்தார். கையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினார். வீட்டைப் பார்த்து நடந்தார். கோபமாகப் போகிறவர் மாதிரியும் தெரியவில்லை.

அன்று ராத்திரி அவர் சாப்பிட வரவில்லை. மாமா வந்து வாசலில் நின்று நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எழுந்தவர் இனி எழுந்திருப்பாரா என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது.

மறுநாள் காலை அம்மா மோட்டார் கதையைச் சொல்லப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்? அப்பாவும் பெட்ரோல் குழாயை ஒழுங்காகத் திறந்துவைத்துவிட்டு வண்டியை மிதித்தார். கிளம்பவில்லை. இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி மிதித்தார். ஒரு தும்மலோடு நின்றுவிட்டது. நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அப்பா ஒருமுறை தம்பியின் அறைக் கதவைப் பார்த்தார். கூப்பிட்டால் அதுவும் நடிப்பு என்றாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தபடியே இருந்தார். ஷிப்டு நேரம் போய்க்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“எறங்கு. நடிப்புன்னா இம்மாம் நேரமா மிதிப்ப?”

பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. உப்புத்தாள் கேட்டார், நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். தேய்த்து, லுங்கி முனையில் துடைத்து மாட்டி, ஒரே மிதி. வண்டி பிடித்துக்கொண்டது. அப்பா ஏறிப் போனார். சித்தப்பா கரிக் கையோடு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். அப்புறம் தானாகக் குளியலறைப் பக்கம் போனார். போகிற வழியில் அம்மாவிடம், “மோட்டாருக்கு ஒரு பழுதும் இல்ல அண்ணி. ஏழு மணிக்கெல்லாம் தண்ணி நிக்காது. அத மாட்டுனதே நாந்தான?” என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. மாத்திரை ரொம்ப காலம் ஓடியது. சில காலைகளில் கதவு மறுபடியும் மூடியே இருக்கும், அம்மா போய்த் தட்டுவாள். ஒரு வருஷம் கழித்துத்தான் அப்பா வேலை செய்த கம்பெனியிலேயே அவருக்கும் வேலை கிடைத்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பெத்தாங் உண்டு.

வண்டி பிடித்துக்கொண்ட அந்த நாளில் சாயங்காலம் மாமா வரவில்லை. வெட்கம். ஐந்து மணி தாண்டியதும் சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். நடந்தே போனோம். என் கையைப் பிடித்திருந்ததால் கோபம் இல்லை என்று தெரிந்துகொண்டு, எல்லாம் பொய் என்று முன்பே தெரியுமா என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றார். பின்னே ஏன் தினமும் வந்தீர்கள் என்றேன்.

“அத்தினி பேரும் அம்மாம் கஷ்டப்பட்டுப் பொய் சொல்றாங்க. படுத்தே கெடந்தா நல்லாவா இருக்கும்?”

ரேஷன் கடை முனை திரும்பும்போது, “உன் கணக்கு ஒண்ணுதான் நெசம்னு நெனச்சேன்” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா, அப்பா, மாமா எல்லோரும் முதல் நாளே மாட்டிக்கொண்டார்கள். கடைசிவரை மாட்டாமல் நடித்தவன் நான் ஒருவன்தான். அதிலும் முதல் ரேங்க்.

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். இதைக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்துவிடு, அடுப்புக்கு ஆகும் என்றார். வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடையில் அது கலகலவென்று சத்தம் போட, அவருக்கு முன்னால் ஓடினேன்.